ஒரு மூச்சு நேரம்

பாப்பாவின் அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முதுகுவலி தேவலையா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

போன வாரம் ஒரு வேடிக்கை. இங்கே ஹோட்டலில் ஜாஸ் வாசிப்பது நானும் சாக்ஸபோன்காரப் பெரியவரும் மட்டும்தானே. டிரம்ஸ் கிடையாது, ஒன்று இரண்டு எண்ணுவதும் கிடையாது. பியானோவில் கை வைத்து நான் மூச்சை இழுத்தால் அவர் ஆரம்பித்துவிடுவார்.

அன்று மேடையேறும் முன் உங்களுக்குப் போன் செய்து பாப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன். “நான் தூங்கிட்டேன்னு சொல்லுப்பா” என்று அவள் சொன்னது எனக்கே கேட்டது. நீங்களும் கூசாமல், “அவ தூங்கிட்டா. வைக்கட்டுமா?” என்றீர்கள்.

பியானோ முன் உட்கார்ந்ததும் பெருமூச்சு வந்துவிட்டது. அதையே சைகை என்று நினைத்துப் பெரியவர் ஊதத் தொடங்கிவிட்டார்! நானும் விழுந்தடித்துப் பின்னால் ஓடினேன். இரண்டாவது வரியிலேயே அவருக்கு ஏதோ புரிந்துவிட்டது. வேகத்தைக் குறைத்தார். நான் தடுமாறிய இடத்திலெல்லாம் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு, நான் வந்து சேரும்வரை காத்திருந்தார். நம் பாஷையில் அவருக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது.

“அந்த ஆளோட உனக்கு என்ன அவ்வளவு ஒட்டுதல்?” என்று கேட்டீர்களே, இதுதான்.

பாப்பாவின் பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்புங்கள். ஷூ வாங்கவேண்டும், அளவு தெரியவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது. இனிமேல் போனில் “நல்லா இருக்கியா?” என்று கேட்டால், என் பதிலுக்கு ஒரு மூச்சு நேரமாவது பொறுங்கள். அவர் பொறுக்கிறார்.

இப்படிக்கு,
தூங்காத பாப்பாவின் அம்மா