சாலமாங்காவின் கல் தவளை

வல்லடோலிட்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள நியேவெஸுக்கு,

ஹிமேனா எழுதுவது. இங்கு நலம். நீயும் உன் அப்பாவின் ரொட்டி அடுப்பும் நலமென்று நம்புகிறேன். ஒரு மாதமாகக் கைபேசியை அணைத்து வைத்திருக்கிறாய். தபால்காரரை அப்படி அணைத்து வைக்க முடியாதே, அதனால்தான் இந்தக் கடிதம்.

நேற்று வகுப்போடு சாலமாங்கா போனோம். ஈஸ்டருக்கு அடுத்த வாரத் திங்கள், ஊரே ஆற்றங்கரையில் கூடித் தின்னும் நாள் அல்லவா, அங்கே புல்லே தெரியாத அளவுக்கு மாணவர் கூட்டம். பன்றியிறைச்சியும் அவித்த முட்டையும் உள்ளே வைத்துச் சுட்ட ஒர்நாசோ ரொட்டி இரண்டு வாங்கி நாங்கள் ஏழு பேர் தின்று தீர்த்தோம். ஆல்வாரோ மூன்றாவதும் வேண்டுமென்றான். "உனக்கு இருக்கறது வயிறா, கிணறாடா?" என்று கேட்டுவிட்டேன். மேலோடு கொஞ்சம் கருகியிருந்தது. உன் அப்பா சுடுவது இதைவிட நன்றாக இருக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன்.

மாலையில் அந்த ஊர்ப் பழைய பல்கலைக்கழகத்தின் முகப்புக்குப் போனோம். முதல் வருடம் இதேபோல் வந்தபோது அங்கேதான் நீ, சுவர்ச் சிற்பங்களுக்குள் ஒளிந்திருக்கும் அந்தக் கல் தவளையை அண்ணாந்து தேடிக்கொண்டிருந்தாய். யாரும் காட்டாமல் அதைக் கண்டுபிடிக்கிறவர்தான் பரீட்சையில் தேறுவார் என்ற மாணவர் நம்பிக்கை தெரிந்தும், "அதோ, மண்டையோட்டு மேலடி" என்று கை நீட்டியவள் நான். என் வாய் சும்மா இருக்காது. அப்புறம் உடற்கூறியலில் இரண்டு முறை தோற்றாய். இனிமேல் எழுதி என்ன பயன் என்று மருத்துவப் படிப்பை விட்டு ஊருக்கே போய்விட்டாய்.

அந்தப் பாடம் எடுக்கும் பேராசிரியர் அராசேலியும் எங்களோடு வந்திருந்தார். உன்னைப் பற்றிக் கேட்டார். தவளைக் கதையைச் சொன்னேன். "பரீட்சை வெச்சது நான், தவளை இல்ல. மணிக்கட்டு எலும்பு பேரெல்லாம் மாத்தி மாத்தி எழுதினா நான் என்ன பண்றது? ஆனா கத்தி பிடிக்கற கை அவளுக்கு இருக்கற மாதிரி உங்கள்ல ஒருத்தருக்கும் இல்ல. வந்து எழுதச் சொல்லு" என்றார்.

இனி வருவது நான் யாரிடமும் சொல்லாதது. அந்தத் தவளையை நானும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு எட்டு வயதானபோது அண்ணன் என்னைத் தோளில் தூக்கிவைத்துக் காட்டினான். உங்கள் எல்லோரிடமும் நானே கண்டுபிடித்ததாகப் பீற்றிக்கொண்டேன். அப்படியும் எல்லாப் பாடத்திலும் தேறியிருக்கிறேன். நீ தோற்று அழுத அன்றே இதைச் சொல்லியிருக்க வேண்டும். மானம் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். சும்மா இருக்காத வாய் அன்றைக்கு மட்டும் சும்மா இருந்தது. மன்னித்துவிடு.

மறுதேர்வுக்குப் பெயர் கொடுக்க இந்த வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி கடைசி. உனக்குப் பதில் நான் கையெழுத்துப் போட முடியாதாம், கேட்டுப் பார்த்துவிட்டேன். அன்று காலை ஒன்பதிலிருந்து நம் கல்லூரி அலுவலக வாசலில் நிற்பேன். கோபம் தீரவில்லையென்றால் என்னோடு பேச வேண்டாம், கையெழுத்தைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே போ. ஆனால் வந்துவிடு, நியேவெஸ்.

இன்னும் உன் தோழி என்று எழுதலாமா என்று தெரியாத,
ஹிமேனா