சர்க்காருக்கு வைத்த மொய்

ரேஷனில் இன்றும், சர்க்கார் வெளிநாட்டிடம் கடனுக்கு வாங்கின கப்பல் கோதுமைதான் போட்டார்கள். பையைப் பிரித்ததும் நனைந்து காய்ந்த சாக்கின் வாடை கூடம் முழுக்கப் பரவியது. முறத்தில் கொட்டிப் புடைக்க உட்கார்ந்தேன். முதல் பிடியிலேயே உன் நினைவு வந்துவிட்டது.

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்த மடலை அப்போதே எழுதியிருக்க வேண்டும். உன் பதினாறாம் நாளுக்குக்கூட நான் வரவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன். காய்ச்சல் இருந்தது உண்மை. அதனால்தான் வரவில்லை என்பது உண்மை இல்லை.

நாம் இருவரும் மதராஸில் பி.ஏ. படிக்கும்போது ஒரு லீவுக்கு என்னை உங்கள் ஊருக்குக் கூட்டி வந்தாயே, நினைவிருக்கிறதா? ராஜகிரிக் கோட்டை அடிவாரத்தில் அந்தப் பெரிய பழைய களஞ்சியத்துக்குள் நுழைந்து நீ "ஓய்" என்று கத்தினாய். சுவர் உன்னைவிடச் சத்தமாகத் திருப்பிக் கத்தியது. உள்ளே ஒரே வௌவால் நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டு நான் அரசுக் கடன் பாடத்தைப் புரட்ட, நீ புத்தகத்தைப் பிடுங்கி மூடினாய்.

"கடன் வாங்கறது தப்பில்லடி. அணை கட்ட வாங்கினா, அந்த அணையே கடனை அடைக்கும். சோத்துக்கு வாங்கி, அதுக்கு வட்டி கட்ட இன்னொண்ணு வாங்கினா அவ்ளோதான். அப்புறம் குடுக்கிறவன் சொல்றதுதான் சட்டம். கடைசியில ரூபாயை இளைக்க வெச்சுடுவாங்க."

"இளைச்சா யாருக்கு நஷ்டம்?"

"நம்பிக் குடுத்துட்டு சும்மா உக்காந்திருக்கா பாரு, அவளுக்கு." பிறகு அந்த வெற்றுக் களஞ்சியத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னாய். "இந்தக் கோட்டையை வெளிய இருந்து எவன் பிடிச்சான்? இது காலியாச்சுன்னா கதவு உள்ள இருந்தே தொறக்கும்."

பரீட்சையில் நான் அதைத்தான் என் சொந்தக் கருத்துபோல எழுதினேன். நல்ல மார்க்கும் வந்தது.

எனக்கு இந்த ஊர் மாப்பிள்ளையைச் சொன்னதும் நீதான். பஜாரில் ஆயில் இன்ஜின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவர், கையில் கிரீஸ் இருக்கும், மனசில் இருக்காது என்று சொல்லித்தான் என்னைச் சம்மதிக்க வைத்தாய். அதில் நீ பொய் சொல்லவில்லை.

குழந்தைக்கு ஒரு வயது முடியும் முன்னே இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பியது. மூன்று வயதில் ஆபரேஷன் செய்து, இரும்புக் கம்பி வைத்த பூட்ஸ் போட்டுப் பழக்கினால் பிடிமானம் இல்லாமல் நடப்பாள் என்றார் மதராஸ் டாக்டர். கால் வளர வளர பூட்ஸை மாற்ற வேண்டும். அதற்கென்றே என் கல்யாணச் சங்கிலியைத் தொடாமல் வைத்திருந்தேன். உனக்கு அது தெரியும்.

அறுபத்தைந்து யுத்தம் முடிந்து, மழையும் பொய்த்துப்போன அந்தப் பங்குனியில் நீ வந்தாய். மகளிர் சங்க வேலை உனக்கு. பஸ் ஏறி ஊர் ஊராகப் போய் சிறுசேமிப்புப் பத்திரம் சேர்த்துக்கொண்டிருந்தாய். சங்கிலியை விற்றுப் பத்திரத்தில் போடு, வட்டியோடு வரும் என்றாய். என் மாமியார் வெற்றிலையை மடித்தபடி கேட்டார்.

"சர்க்காருக்கே இன்னாம்மா கஷ்டம்?"

"சர்க்கார் வீட்ல விசேஷம் அத்தை. நாம மொய் வெக்கிறோம். நாளைக்கு நம்ம வீட்டு விசேஷத்துக்கு மேல போட்டுத் திருப்பி வெக்கும்."

"மொய் வெச்சா இலை போடணுமே. உங்க சர்க்கார் எங்க இலை போடுது?"

"உங்க பேத்தி நடக்கட்டும். அன்னிக்குப் போடும், வடை பாயசத்தோட."

மாமியார் சிரித்துவிட்டார். மொய் என்ற சொல்லுக்கு இந்தப் பக்கத்தில் எதிர்ப் பேச்சு கிடையாது. வாங்கின மொய்யைத் திருப்பாதவன் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அந்த ரோஷம் சர்க்காருக்கும் இருக்கும் என்று எங்கள் தெருப் பெண்கள் நம்பினார்கள். பொருளாதாரம் படித்த நானும் நம்பினேன்.

வாசல்வரை வந்து உன்னிடம் ஒன்று கேட்டேன். "களஞ்சியத்துல வேற மாதிரி சொன்னியேடி?"

"அது வாய்க்கொழுப்பு. எல்லாரும் பயந்தா சர்க்கார் எப்படி நிக்கும்? நம்பிக்கை போனாத்தான் கடன் ஆபத்து." என் தோளைத் தட்டினாய். "குழந்தை காசுல நான் விளையாடுவனா?" அந்த வாரமே சங்கிலியை விற்றுப் பத்திரம் வாங்கினேன்.

வெயில் காலம் முடியும் முன் ரேடியோவில் செய்தி வந்தது. ரூபாயின் மதிப்பைக் குறைத்துவிட்டார்கள். பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். பத்திரத்தில் அச்சடித்த தொகை அப்படியேதான் இருந்தது. பூட்ஸின் கம்பியும் தோலும் வெளிநாட்டுச் சரக்கு. அதன் விலை மட்டும் எட்டாத உயரத்துக்குப் போனது. பத்திரத்தை முன்கூட்டியே உடைத்து, நஷ்டப்பட்டு, ஆபரேஷனைச் செய்துவிட்டோம். பூட்ஸுக்குப் பணம் இல்லை. இவர் பழைய இன்ஜின் கம்பியைக் காய்ச்சி வளைத்து ஒன்று செய்தார். அது குழந்தையின் கெண்டைக்காலைப் புண்ணாக்கியது. அன்று இவர் கடையைத் திறக்கவில்லை.

அப்போதும் உன்மேல் எனக்குக் கோபமில்லை. நாடே ஏமாந்தது, நீயும் ஏமாந்தாய் என்று நினைத்தேன். மஞ்சள் காமாலையில் நீ படுத்திருந்தபோது கீழாநெல்லி அரைத்து எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு சுவரையே பார்த்திருந்தாய். நோயின் சோர்வு என்று எடுத்துக்கொண்டேன்.

நீ போன அன்று உன் அம்மா ஒப்பாரிக்கு நடுவே என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். "எவ்ளோ புத்தி கண்ணு அவளுக்கு. ரூபா இளைக்கப் போவுதுன்னு முன்னமே தெரிஞ்சுக்கிட்டா. தன் பத்திரத்தையெல்லாம் பொங்கல் கழிச்சு நஷ்டத்துக்கே மாத்தி, தளவானூர் பக்கம் அரைக் காணி நிலம் வாங்கிப் போட்டா. எனக்குக் கஞ்சி ஊத்திட்டுத்தான் போயிருக்கா."

பொங்கல் கழித்து நீ பத்திரத்தைவிட்டு வெளியே வந்துவிட்டாய். இரண்டே மாதத்தில், பங்குனியில், என்னை உள்ளே தள்ளினாய்.

ஏன் என்று இந்த ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ ஊர் ஊராகப் போய்ப் பத்திரம் சேர்ப்பதை நிறுத்தினால் மற்றவர்களுக்குச் சந்தேகம் வரும் என்றா? மேலே இருந்து தொகை கேட்டு நெருக்கினார்களா? கடன் முற்றிய தேசத்தில் இப்படித்தான் நடக்கும்போல. தெரிந்தவர்கள் சத்தமில்லாமல் முதலில் வெளியேறுகிறார்கள். நம்பியவர்கள் கதவு திறந்ததுகூடத் தெரியாமல் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். சர்க்கார் எனக்கு முகம் தெரியாதது. அதன்மேல் எவ்வளவு நேரம் கோபப்பட முடியும்? எனக்குத் தெரிந்த முகம் உன்னுடையதுதான்.

போன செவ்வாய்க்கிழமை உன் அம்மா தலையில் ஒரு மூட்டையோடு வந்தார். உன் அரைக் காணியில் விளைந்த வேர்க்கடலை, உங்கள் பேச்சில் மல்லாட்டை. முந்தானையை அவிழ்த்து ரூபாய் நோட்டுகளையும் வைத்தார்.

"குழந்தை பூட்ஸுக்குக் கண்ணு. அவ இருந்தா இவளுக்கு மொய் வெச்சிருப்பா இல்ல?"

நீ செய்தது என் வாய்வரை வந்துவிட்டது. குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு காலை இழுத்து இழுத்து வந்து, மூட்டைமேல் சாய்ந்து நின்றாள். உன் அம்மா அவள் காலை மெதுவாகத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"அவ பேச்சைக் கேட்டு இந்தத் தெருவுல நாலு பேர் நல்லாருக்காங்க இல்லம்மா?"

"ஆமாம்மா" என்றேன்.

பணத்தை வாங்கிக்கொண்டேன். குழந்தையின் கால் என் ரோஷத்தைவிடப் பெரியது. அடுத்த வாரம் அளவு கொடுக்க மதராஸ் போகிறோம். உன்னை மன்னித்துவிட்டேன் என்று எண்ணிக்கொள்ளாதே. இன்னும் இல்லை.

ஆனால் அந்த "ஆமாம்மா" இருக்கிறதே, அது நான் உனக்கு வைத்த மொய். திருப்பி வைக்க நீ வரப் போவதில்லை. உன் அம்மா வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம் நான் அதைத் திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.