அரை விரற்கடை மண்

ஜனவரி 9, வெள்ளி

காலை பத்து மணிக்கே குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. இடுப்பு வலி. மற்றபடி ஒன்றுமில்லை என்று எழுதி மூடியிருப்பேன், சாயங்காலம் சின்னவள் அந்தச் செய்தியோடு வந்து நிற்காமல் இருந்திருந்தால்.

சின்னவள் என் தங்கை. எட்டு மாதமாக என் வீட்டுக் கூடத்தில், சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே பாய் போட்டுப் படுக்கிறாள். புருஷனை விட்டு வந்தபோது காதுக்குப் பின்னால் நாலு தையல். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பாவம் என்றுதான் சேர்த்துக்கொண்டேன். ஆனால் பாவம் பார்ப்பதற்கும் ஒரு கெடு வேண்டாமா? இங்கே இரண்டு பேருக்கு இடமில்லை, பிப்ரவரி முடிவதற்குள் ஒரு வழி பார்த்துக்கொள், இல்லையென்றால் அவனிடமே போய்ச் சேர் என்று புது வருஷத்தன்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்.

பார்த்துவிட்டாள் வழி. எங்கே? என் நாற்றுப்பண்ணையில். நான் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்த விதை அறையில். கை நடுங்குகிறது என்று போன வருஷம் என்னை வீட்டுக்கு அனுப்பினார்களே, அந்த இடம் இன்னும் காலியாம். மேலாளர் இவள் கையில் ஒரு பொட்டலம் பெகோனியாப் பூச்செடி விதையைக் கொடுத்து, வீட்டில் வைத்து முளைக்கப்போடு, நாலு வாரத்தில் நாற்றுத்தட்டு நிறையப் பச்சை காட்டு, வேலையும் மாடியில் ஓர் அறையும் தருகிறேன் என்றிருக்கிறார்.

"நீ பக்கத்துல இருந்து சொன்னா போதும்க்கா, நான் பண்ணிடுவேன்" என்கிறாள். முகம் முழுக்கப் பல். எனக்கு வயிறு எரிந்தது. அப்படியே எழுதுகிறேன், இந்த நோட்டை வேறு யார் படிக்கப்போகிறார்கள்?

ஜனவரி 11, ஞாயிறு

விதைத்தாகிவிட்டது. அவள் விதைத்தாள், நான் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னேன்.

பெகோனியா விதையை முதல்முறை பார்க்கிறவர்கள் அது விதை என்றே நம்பமாட்டார்கள். மூக்குப்பொடி மாதிரி இருக்கும். ஒரு தும்மல் போட்டால் ஒரு தோட்டம் போச்சு. பொட்டலத்தைப் பிரிக்கும்போது சின்னவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள், முகம் சிவந்துவிட்டது. உலர்ந்த பொடிமணலோடு கலக்கச் சொன்னேன். ஓர் அட்டையை நடுவில் மடித்து, அந்த மடிப்பில் ஓடவிட்டு, விரலால் தட்டித் தட்டித் தூவச் சொன்னேன். தட்டை அடியிலிருந்து நனைக்கச் சொன்னேன். எல்லாம் சரியாகத்தான் சொன்னேன். அவள் கை — சொல்லித்தான் ஆகவேண்டும் — நல்ல கை. ஓரிடத்தில் கும்பல் இல்லை, ஓரிடத்தில் வழுக்கை இல்லை. அந்த அளவு வர எனக்கு மூன்று வருஷம் பிடித்தது.

அதைப் பார்த்த பிறகுதான் சொன்னேன்.

"இப்ப மேல அரை விரக்கடைக்கு மண்ணு சலிச்சுப் போட்டு மூடு."

தூசு விதையை மூடவே கூடாது. அதற்கு வெளிச்சம் பட வேண்டும், பட்டால்தான் முளைக்கும். விதை அறையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்வதே இதுதான். நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அரை விரற்கடை மண் என்றால் உயிரோடு புதைப்பது.

அவள் சல்லடையை எடுக்கவில்லை. "மூடணுமாக்கா?"

"மூடணும்."

"நிச்சயமா?"

"பத்தொன்பது வருஷம் அங்க நான் புல்லு பிடுங்கிட்டா இருந்தேன்?"

அப்புறம் சல்லடையை எடுத்து, ஓரம் வரை ஒரே கனமாக மூடினாள். மேலே பாலிதீன் தாளை இழுத்துக் கட்டி, தட்டை ஜன்னலோரம் வைத்தாள்.

ஜனவரி 12

நன்றாகத் தூங்கினேன்.

ஜனவரி 17, சனி

எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் தட்டுக்கு முன்னால் போய்க் குந்திக்கொள்கிறாள். அதனோடு பேச்சு வேறு. "என்ன செல்லங்களா, இன்னும் தூக்கமா?" என்கிறாள். எதிர்வீட்டுத் தையற்காரம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, உன் தங்கைக்கு என்னம்மா ஆச்சு என்று என்னிடம் கேட்டாள். பிள்ளை பெற்றிருக்கிறாள், மண்ணுக்கடியில் இருக்கிறது என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். சின்னவளும் சிரித்தாள், அவளுக்கு எதற்கென்று தெரியவில்லை.

ஜனவரி 23

ஒன்றுமில்லை. தட்டில் ஒன்றுமில்லை என்கிறேன்.

ஜனவரி 26, திங்கள்

பதினைந்து நாள் ஆகிவிட்டது. இன்று துணி மடித்துக்கொண்டே, "அந்த மனுஷன் சொல்லுவான்க்கா, நீ தொட்டது எதுவும் விளங்காதுன்னு" என்றாள். யாரிடமோ சொல்வதுபோல, துணியைப் பார்த்துக்கொண்டே. சமையலில் உப்பு கூடினாலும், அவன் வண்டி பழுதானாலும், வயிற்றில் வந்தது தங்காமல் போனபோதும் அதே வார்த்தைதானாம்.

நான் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். போடி பைத்தியம் என்று சொல்லியிருந்தால்கூடப் போதும். "சில கை அப்படித்தான்" என்றேன்.

மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டுப் போய்க் கையைக் கழுவினாள். சுத்தமாகத்தான் இருந்தது கை. எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கூசுகிறது. கொஞ்சம்தான்.

ஜனவரி 29, வியாழன்

அவள் கடைக்குப் போயிருந்தபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தட்டைப் பார்த்தேன். பாலிதீன் தாளில் கோத்த நீர் ஒரு மூலையில் சொட்டிச் சொட்டி மண்ணைக் கரைத்திருக்கிறது. அங்கே பச்சைப் புள்ளிகள். ஒன்பது. குண்டூசித் தலையில் பாதி இருக்கும் ஒவ்வொன்றும், இரண்டு இரண்டு இலையோடு.

பழக்க தோஷம், முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. வாய்விட்டு "அட" என்றேன்.

அப்புறம் யோசித்தேன். இதை அவள் பார்த்தால் என்ன செய்வாள்? மண் கரைந்த இடத்தில் மட்டும் ஏன் முளைத்தது என்று யோசிப்பாள். மக்கு இல்லை அவள். தெளிப்பானை எடுத்து மீதி மண்ணையும் கரைத்துவிடுவாள். இன்னும் எட்டு நாள் இருக்கிறது, தட்டு முழுக்கப் பச்சை வந்துவிடும். என் இடத்தில் அவள் போய் உட்காருவாள்.

கட்டைவிரலால் அழுத்தினேன். ஒவ்வொன்றாக. இதற்குக் கை நடுங்கவே இல்லை, அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். அழுத்திய இடத்தில் ஒரு கரண்டி மண் போட்டு மட்டம் செய்தேன்.

வந்ததும் தட்டைத்தான் பார்த்தாள். தாள் விலகியிருக்கே என்றாள். பாசி பிடிக்கிற மாதிரி இருந்தது, காற்றுக் காட்டினேன் என்றேன். தேங்க்ஸ்க்கா என்றாள்.

பிப்ரவரி 1

ஒன்பதுதானே.

பிப்ரவரி 6, வெள்ளி

நாலு வாரம் முடிந்தது. நல்ல புடவை கட்டிக்கொண்டு, மண்தட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். போய் என்ன ஆகப்போகிறது, பேசாமல் இரு என்றேன். "வாங்கினவ திருப்பிக் காட்டணும்ல" என்றாள்.

மூன்று மணிக்கு வெறுங்கையோடு வந்தாள். வேலை இல்லையாம். அவ்வளவுதான் சொன்னாள். மாடிப்படி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது, தண்ணீர் குடித்தாள், பாயை விரித்துச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். நான் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன். இன்று முழுக்க மனசு லேசாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன்.

பிப்ரவரி 7

காலையிலிருந்து அவள் என்னை எதற்கும் கூப்பிடவில்லை. அக்கா என்ற வார்த்தையே வீட்டில் கேட்கவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

மருந்துக் கடையில் மேலாளரைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி வந்துவிடலாம் என்று திரும்பினேன், அவரே கூப்பிட்டுவிட்டார். உடம்பு எப்படி, கை எப்படி என்றெல்லாம் விசாரித்துவிட்டு இதைச் சொன்னார். ஒரு வார்த்தை விடாமல் எழுதிவைக்கிறேன்.

"உங்க தங்கச்சி இப்படிப் பண்ணுவாங்கன்னு நினைக்கலம்மா. பொட்டலத்தைக் கொடுக்கும்போதே படிச்சுப் படிச்சுச் சொன்னேன், மேல மண்ணே போடாதீங்கன்னு. தலையாட்டிட்டுத்தான் போனாங்க. வந்து பாத்தா அரை இஞ்சு மண்ணு. யாரு மூடச் சொன்னதுன்னேன். யாரும் சொல்லல, என் புத்திதான் சார்னாங்க."

சொல்லியிருக்கிறார். முன்னாடியே சொல்லியிருக்கிறார். அவளுக்குத் தெரியும். மூடணுமாக்கா என்று கேட்டபோதே தெரியும். நிச்சயமா என்று கேட்டபோதும் தெரியும். தெரிஞ்சுதான் மூடினா. அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு மூடினா.

அதோடு விட்டாரா? இல்லை. "அவங்க கேட்டு வந்ததே உங்களையும் சேத்துத்தானே. கை என்னோடது, கண்ணு எங்கக்காவோடது, ஒரு சம்பளம் போதும், ரெண்டு பேரையும் எடுத்துக்குங்கன்னாங்க. முளைக்கட்டும் பாக்கலாம்னேன். முளைச்சப்புறம்தான் அக்காகிட்ட சொல்லுவேன், அதுவரை நீங்களும் சொல்லக் கூடாதுன்னாங்க."

அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாயிற்றாம். யாரோ புதுப்பெண். நன்றாகச் செய்கிறாளாம்.

மாத்திரை வாங்காமலே வந்துவிட்டேன்.

பிப்ரவரி 13

இன்று சொல்லிவிட வேண்டும் என்று நாலு தடவை அவள் பக்கத்தில் போய் நின்றேன். நாலு தடவையும் வேறு ஏதோ கேட்டேன். கேஸ் தீர்ந்துவிட்டதா, விளக்கை அணைக்கட்டுமா, இப்படி. எல்லாவற்றுக்கும் ஒரு வார்த்தையில் பதில் சொன்னாள். கோபமாக இருந்தால்கூடத் தேவலை. விடுதி வார்டனிடம் பேசுவது மாதிரிப் பேசுகிறாள்.

பிப்ரவரி 20, வெள்ளி

அவன் போன் செய்தான். வழக்கமாக மணி அடித்தால் குளியலறைக்குப் போய்விடுகிறவள், இன்று எடுத்தாள். சரி, சரி, ஞாயிற்றுக்கிழமை, சரி. அவ்வளவுதான் பேச்சு. வைத்துவிட்டு என் பக்கம் பார்க்காமலே, "நீ சொன்ன கெடு முடியறதுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கு. முன்னாடியே கிளம்பிடறேன்" என்றாள்.

கெடுவாவது மண்ணாவது. யாருக்கு வேணும் அது? அதை ஏன் இவ இத்தனை நாள் எண்ணிட்டிருந்தா? அவளிடம் சொல்லாமல் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். நாக்கை வெட்டிப் போட்டால் என்ன?

பிப்ரவரி 22, ஞாயிறு

போய்விட்டாள்.

காலையில் பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசற்கதவுக்கு முன்னால் போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். நான்தான் வேண்டுமென்றே மூடச் சொன்னேன், ஒன்பது முளைத்திருந்தது, அதையும் நான்தான் நசுக்கினேன், மேலாளர் எல்லாம் சொல்லிவிட்டார். அவள் பையை மூடும் வரை கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பது என்றபோது மட்டும் கை நின்றது. "எந்த மூலையில?" என்றாள். ஜன்னல் பக்கம் என்றேன். தலையாட்டினாள்.

"போகாதே. அவன்கிட்ட போகாதே. இதச் சத்தியமாச் சொல்றேன். இங்கயே இரு, எவ்வளவு நாள் வேணும்னாலும் இரு."

அவள் சிரித்தாள். ஒரு மாதத்தில் முதல் சிரிப்பு. "உன் பேச்சக் கேட்டு ஒரு தடவை மூடினேன், போதும்" என்றாள்.

"அவன் அடிப்பான்டி" என்றேன். இந்த எட்டு மாதத்தில் அந்த வார்த்தையை நான் சொன்னது இன்றுதான்.

"அடிப்பான். கையத் தூக்கும்போதே தெரியும், ஒதுங்கிக்கலாம். நீ பக்கத்துல உக்காந்து தட்டிக்கொடுத்துக்கிட்டே பண்ணே."

கீழே ஹாரன் அடித்தான். அவள் என்னைத் தள்ளவெல்லாம் இல்லை. நான் விலகும்வரை பையோடு நின்றாள். விலகினேன். ஏன் விலகினேன்? கதவைப் பூட்டிச் சாவியை விழுங்கியிருக்கலாமே. விலகினேன், அவ்வளவுதான்.

மார்ச் 3

கூடம் ரொம்பப் பெரிதாக இருக்கிறது. இரண்டு பேருக்கு இங்கே இடமில்லை என்று எந்த வாயால் சொன்னேன்?

மார்ச் 15, ஞாயிறு

மூன்று வாரமாக அவள் போன் அணைந்தே கிடக்கிறது. இன்று அவன் எண்ணுக்கே கூப்பிட்டேன். எடுத்தான். மரியாதையாகத்தான் பேசினான். என்னங்க, சௌக்கியமா என்றான். சின்னவள் எப்படி இருக்கிறாள் என்றேன். அவளுக்கென்ன, நன்றாக இருக்கிறாள் என்றான். அவளிடம் கொஞ்சம் கொடுங்கள் என்றேன்.

"கையில கட்டுப் போட்டிருக்குங்க. போன் பிடிக்க முடியாது."

எந்தக் கை என்று கேட்டேன். ரெண்டும்தான் என்றான்.