ஒழுகும்வரை வாடகை ஏறாது

டெய்ரி ஃபார்ம், போர்ட் பிளேர்
12 ஜூன் 2024

நாமக்கல் நீட் கோச்சிங் விடுதியில் செல்போனைப் பறிகொடுத்துச் சிறையிருக்கும் அன்பழகன் அவர்களுக்கு,

நம் காம்பவுண்டுப் பப்பாளி மரத்தின் ஒரே பழம் நேற்று மாலை ஒரு மைனாவால் அகால மரணம் அடைந்தது என்பதை ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கிறோம். அடக்கமும் மைனாவின் வயிற்றிலேயே முடிந்தது. மலர் வளையம் வேண்டாம்.

அடுத்து, சில்லறைச் செய்தி. எங்கள் அப்பா உங்கள் வாடகையை ஏற்றப் போகிறாராம். "பழனியாண்டி பின்வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம். ஒரு தடவைகூட ஏத்தலை. மகனை மெயின்லேண்டுக்கே படிக்க அனுப்பியாச்சு, இப்பக் கேட்டா என்ன?" என்கிறார். அம்மா, "பொங்கல் வரட்டுமே" என்கிறாள்.

பயப்படாதேடா. அப்பாவுக்கு ஒரு கொள்கை: ஒழுகுகிற வீட்டுக்கு வாடகை ஏற்றிக் கேட்க அவருக்கு வாய் வராது. இன்ப அதிர்ச்சி, உங்கள் சமையல்கட்டு ஒழுக ஆரம்பித்துவிட்டது! மழைக்காலத்தில் தகரம் மாற்ற ஆளும் கிடைக்காது. நீ தவளையை அறு. வாடகையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாடகைத் தடுப்பு அமைச்சர் சுதாகர்

நாமக்கல்
30 ஜூன் 2024

டேய் அமைச்சரே,

உன் கடிதத்தை வார்டன் படித்துவிட்டுச் சிரிக்காமல் கொடுத்தார். பெரிய மனுஷன்தான்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு மட்டும் பேச விடுகிறார்கள். ஒழுகுவதை அம்மா சொல்லவே இல்லை. கேட்டால், "ரெண்டு சொட்டுதான்யா. கச்சால் தீவுல ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டுல ஒழுகாத ஒழுக்கா?" என்று சிரிக்கிறாள். பின்னால் அப்பா இருமுவது கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு உதவி செய். மழை விட்டதும் மேலே ஏறிப் பார். குரங்கு மாதிரி ஏறுவாயே. எங்கே ஓட்டை என்று தெரிந்தால் தார் பூசி அடைத்துவிடலாம்.

அன்புடன்,
அன்பு

டெய்ரி ஃபார்ம்
24 ஜூலை 2024

அன்பே உருவான அன்புக்கு,

ஏறினேன், பார்த்தேன், இறங்கினேன். உயர்மட்டக் குழுவின் அறிக்கை: கை வைக்காமல் இருப்பதே நல்லது.

நேற்று அப்பா சட்டையெல்லாம் மாட்டிக்கொண்டு உங்கள் வாசலுக்குப் போனார். வாடகை கேட்கத்தான். உன் அம்மா, நம் ராசம்மா அத்தை, ஒரு கையில் குடை, மறு கையில் கரண்டியோடு ரசம் வைத்துக்கொண்டிருந்தார். அப்பா அண்ணாந்து கூரையைப் பார்த்தார். "மழை நல்லாப் பெய்யுது" என்றார். திரும்பி வந்துவிட்டார்.

யாரால்? எனக்குச் சிலை வைப்பதாக இருந்தால் குடை பிடித்த மாதிரி வை. பக்கா ப்ளான்டா!

சுதாகர்

நாமக்கல்
19 ஆகஸ்ட் 2024

சுதாகர்,

உங்கள் அப்பா எங்கள் கூரைத் தகரம் முழுவதையும் மாற்றிவிட்டாராம். மறுநாளே வாடகையை ஒன்றரை மடங்காகக் கேட்டாராம். அப்பா, "சரிங்கய்யா, எப்படியாவது தாரேன்" என்றிருக்கிறார்.

அதோடு முடியவில்லை. பழைய தகரத்தை அள்ள வந்த வேலையாள், "தகரத்துல ஓட்டையே இல்லை, போல்ட்டைத்தான் யாரோ கழட்டியிருக்காங்க" என்று சொல்லியிருக்கிறான். உங்கள் அப்பா எங்கள் அப்பாவைக் கூப்பிட்டு, "வாடகை ஏத்திடுவேன்னு நீயே கழட்டினியா பழனியாண்டி?" என்று கேட்டாராம். வேலைக்காரன் முன்னாலேயே.

கூடுதல் வாடகை தர அப்பா தயாராகத்தான் இருந்தார். அந்தக் கேள்விக்கு அப்புறம் அவரால் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. அடுத்த கப்பலில் வடக்கு அந்தமானுக்கு, திக்லிபூர் போகிறார்கள், பெரியப்பா வேலை செய்கிற பாக்குத் தோப்புக்கு. லீவுக்கு நான் எந்த வீட்டுக்கு வருவது என்று இனிமேல்தான் தெரியும்.

நீ மேலே ஏறிப் பார்த்ததாக எழுதினாயே. என்னத்தைப் பார்த்தாய்?

அன்பழகன்

டெய்ரி ஃபார்ம்
8 செப்டம்பர் 2024

அன்பு,

இந்தத் தடவை அறிவிப்பு ஒன்றும் இல்லை.

போல்ட்டுகள் என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கின்றன. முதல் கடிதம் எழுதுவதற்கு முந்தின வாரமே கழற்றிவிட்டேன். நீ ஏறிப் பார்க்கச் சொன்ன பிறகு ஏறியது நிஜம்தான். திரும்ப மாட்டியிருக்கலாம். மாட்டவில்லை. அத்தை குடை பிடித்துச் சமைத்ததை வைத்து உனக்கு ஜோக் எழுதினேன்.

இன்னொன்று. பொங்கல் வரைக்கும் கேட்பதில்லை என்று அம்மா சொன்னதற்கு அப்பா ஜூன் மாதமே ஒத்துக்கொண்டார். அன்றைக்கு உங்கள் வாசலுக்கு வந்தது ஒழுக்கைப் பார்க்கத்தான். அதை எழுதினால் நான் எதைக் காப்பாற்றினேன் என்று ஆகிவிடுமே, அதனால் எழுதவில்லை. கூரைச் செலவு வந்ததால்தான் ஆகஸ்ட்டிலேயே கேட்டார். நான் ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் நீங்கள் இங்கேதான் இருந்திருப்பீர்கள்.

கிளம்பும்போது உங்கள் அப்பா சாவியை என் கையில் கொடுத்து, "நல்லாப் படிங்க தம்பி" என்றார். நான் தலையாட்டினேன்.

எங்கள் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நேற்றுச் சொல்லிவிடுவது என்று அவர் நாற்காலி வரைக்கும் போனேன். நிமிர்ந்து, "என்னடா?" என்றார்.

மழை நல்லாப் பெய்யுது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சுதாகர்