அம்மா ஒழித்துக் கொடுத்த ஹால்

கொடைக்கானல்,
நவம்பர் 20

அன்புள்ள மகன் சைமனுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நான் நடமாட்டமாக இருக்கிறேன், நீயும் டப்ளினில் குளிருக்கு அடக்கமாக, வேளைக்குச் சாப்பிட்டு இருப்பாய் என்று நம்புகிறேன். வீடியோவில் பேசும்போது அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், அதனால் அங்கே சொல்ல முடியாததை எழுதித் தபாலில் போடுகிறேன்.

ஜூன் மாதம் நீ, ஹாலில் ஒரு ஆபீஸ் மாதிரி இருந்தால் மூன்று மாதம் வந்து இங்கிருந்தே வேலை பார்க்கலாம் என்றாய். பேச்சுவாக்கில் சொன்னாயோ என்னவோ, நாங்கள் அதைப் பிடித்துக்கொண்டோம். பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருடம் வயர் இழுத்தவன் இதற்கு ஆள் வைப்பேனா, ஆறு பிளக் பாயிண்ட் நானே போட்டேன், இன்வெர்ட்டரும் நெட்டும் வந்தாயிற்று. வில்பட்டித் தச்சன் ஆனந்த் சில்வர் ஓக் மரத்தில் மேசை செய்து தந்தான், உன் உயரத்துக்கு இரண்டு அங்குலம் கூட்டச் சொன்னேன். ஆபீஸ்காரர்களோடு வீடியோவில் பேசும்போது உன் முதுகுக்குப் பின்னால் சுவர் வெறுமையாகத் தெரியவேண்டுமென்று இருதய ஆண்டவர் படத்தைக்கூட எதிர்ச்சுவருக்கு மாற்றினேன், மனசுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. மேசை ஜன்னலோரம்தான் என்று அம்மா ஒரே பிடிவாதம். அவள் கட்டில் கிடந்த இடம் அது, இந்த வீட்டில் காலை வெயில் விழுவது அங்கே மட்டும்தான். கட்டிலைப் பின்னறைக்குத் தள்ளியது நான்தான்.

அந்த அறைச் சுவர் ஓதம் ஏறி ஈரமாகவே கிடக்கும் என்று உனக்குத் தெரியும். மழை தொடங்கியதிலிருந்து அவளுக்கு மூச்சிரைப்பு விடவில்லை. பக்கத்து வீட்டு நர்ஸ் ரெஜினா, நெஞ்சில் சளி கட்டிக் கிடக்கிறது, உடம்பில் வெயில் படவேண்டும் என்று என்னை வைதுவிட்டுப் போனாள். நீயோ வருவதைப் பற்றி வாயே திறப்பதில்லை, கேட்டால் பார்ப்போம்ப்பா என்கிறாய். சரி, கட்டிலைப் பழைய இடத்திலேயே போடுவோம் என்று போன வாரம் மேசையை நகர்த்தப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதை எடுத்தீங்கன்னா அவன் வரலைன்னு ஆயிருங்க. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது சைமா. தினமும் அந்த மேசையைத் துடைத்து வைத்துவிட்டு, பின்னறைக்குப் போய் மூச்சிரைத்துக்கொண்டே படுத்துக்கொள்கிறாள்.

உன் வேலையை நான் குறை சொல்லவில்லை. வர முடியுமென்றால் தேதியைச் சொல். முடியாதென்றால் அதை உன் வாயாலேயே அவளிடம் சொல்லிவிடு, நான் சொன்னால் நம்பமாட்டாள். இரண்டு நாள் அழுவாள். அழட்டும், வெயிலில் படுத்து அழட்டும்.

மாதா உன்னைக் கைவிடமாட்டாள். வெளியே போனால் காதை மூடிக்கொண்டு போ. நான் எழுதியதை மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடாதே.

ஆசீருடன் உன் அப்பா,
பரமானந்தம்