மன்றத்தில் நான் ஒருத்திதான் பெண்

செப்டம்பர் 4
உருளைக்கிழங்கு தோண்டி முடிந்தது. முதுகு விண்விண் என்கிறது. ஊர்ப் பெரியவர்கள் மன்றத்துக்குப் புது வழக்கு வந்திருக்கிறது. மூன்று ஆண்கள், நான் ஒருத்தி. ஒரு பெண் இருந்தால் இரக்கம் இருக்கும் என்று என்னைச் சேர்த்தார்கள். காலமெல்லாம் கணக்கு டீச்சராக இருந்தவள் என்பதை மறந்துவிட்டார்கள்.

ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன மெலிஸ் அங்கே வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். இங்கே மனைவி புருலுக்கு விவாகரத்து. வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். கிர்கிஸ் வழக்கப்படி கடைசி மகனுக்குத்தான் வீடு; மெலிஸ்தான் கடைசி. பெற்றவளும் அவன் பொறுப்பு. பெற்றவள் உல்ஜான் இடுப்பு ஒடிந்து படுத்த படுக்கை. குளிப்பாட்டுவது முதல் எல்லாம் புருல்தான்.

செப்டம்பர் 7
தலைவர் ஓசோர்பாய் கண் கலங்கினார். "பாவம் டீச்சர், அந்தக் கிழவி. அவ கண்ண மூடுற வரைக்கும் புருல் அங்கேயே இருக்கட்டும்."

வீட்டில் பாதி புருலுக்கு, அவள் இஷ்டப்படி போகட்டும், தாயைப் பார்ப்பது மகன் கடமை என்றேன்.

"நெஞ்சுல ஈரமே இல்லையா? பொம்பளதானே நீங்க?"

"உங்ககிட்டதான் நிறைய இருக்கே, நீங்க போய் அந்தம்மாவுக்குத் துணி மாத்துங்க."

தேநீர் ஆறிப்போயிற்று.

செப்டம்பர் 8
பொம்பளதானே நீங்க — இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. அவர்கள் இரக்கத்துக்கு உழைக்கப்போவது புருல். சரி, என் நியாயத்துக்குக் கஷ்டப்படப்போவது யார்? உல்ஜான். இன்றைக்குத்தான் உறைத்தது.

செப்டம்பர் 10
அவர்கள் வீட்டுக்கு நேரிலேயே போனேன். புருல் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "போகணும்னுதான் இருக்கு டீச்சர். போனா இவங்களுக்கு யாரு?"

படுக்கையிலிருந்து உல்ஜானின் குரல்: "ஏன், எனக்கு வாய் இல்லையா? என்னை ஒருத்தரும் கேக்கல!"

வெட்கமாகப் போயிற்று. கேட்டேன்.

"வீடு வேணும்னா அவனே வச்சுக்கட்டும். இவ கூட்டிட்டுப் போனா, நான் இவளோட போறேன்."

மருமகளின் பிறந்த வீட்டில் மாமியாரா? எங்கள் பக்கம் கேள்விப்பட்டதே இல்லை. புருல் மாவுக்கையோடு அழுதாள்.

"அழாதடி. பெரிய கனமில்ல, எலும்பும் தோலும்தான்."

செப்டம்பர் 13
வீட்டில் புருலுக்குப் பாதி என்று எழுத வைத்தேன். அதை மட்டும் விடவில்லை. புருலின் பிறந்த வீட்டுக்குப் போக ஓசோர்பாய் வண்டி கொடுத்தார். உல்ஜானை மெத்தையோடு தூக்கவும் வந்தார். "ஈரம் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"மூச்சு வாங்குது டீச்சர், பேச வைக்காதீங்க."

அக்டோபர் 2
மலையில் பனி இறங்கிவிட்டது.

அக்டோபர் 18
வெள்ளிக்கிழமைகளில் உல்ஜானைக் குளிப்பாட்ட நான் கை கொடுக்கிறேன். இன்று தலை துவட்டிக்கொண்டிருந்தபோது மெலிஸ் வந்து நின்றான். பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். "அம்மா" என்று படுக்கையோரம் உட்காரப் போனான்.

உல்ஜான் அவனைப் பார்க்கவில்லை. "புருல், வாசலுக்கு எதிர்ல மெத்தை போடும்மா. விருந்தாளி வந்திருக்காரு."

அது விருந்தாளிக்கான மரியாதை இடம்; வீட்டுப் பிள்ளை அங்கே உட்காருவதில்லை. அவன் அங்கே போய் உட்கார்ந்தான்.