பால் சொசைட்டிச் சுவரில் தொங்கும் படம்

காங்கேயம் பக்கம், தோட்டத்துச் சாளை
ஞாயிற்றுக்கிழமை

கண்ணு லோகப்பிரியாவுக்கு உன் அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்க அய்யனும் மாடுகன்றும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் மேக்னாக் குட்டியும் சளி காய்ச்சல் அண்டாமல் வயிறாரச் சாப்பிட்டு இருக்கிற சேதி வந்தால் எனக்கு அதுவே போதும். நெதர்லாந்தில் இன்னும் குளிர் விடவில்லையென்று உன் தம்பி மனோஜ் சொன்னான். பாப்பாவுக்குக் காதை மூடிக் குல்லாய் போட்டு அனுப்பு, அவள் கழட்டி எறிவாள், நீயும் சின்னதில் அப்படித்தான். தினம் போனில் பேசுகிறோமே, அம்மா எதுக்குக் கடுதாசி எழுதுறாள்னு நினைப்பாய். போனில் சொன்னால் நீ பாதியில் சிரிச்சுப்போடுவாய், இல்லாட்டி மன்னிப்புக் கேட்க ஆரம்பிச்சிருவாய், ரெண்டும் எனக்கு வேண்டாம். முழுசாப் படி. இதோடு ஒரு நோட்டுத்தாளும் வெச்சிருக்கிறேன், அதைத் தொலைச்சுப்போடாதே.

நீ தைப்பொங்கலுக்கு வந்திருந்தப்போ பாப்பாவைக் கூட்டிக்கிட்டு ரெண்டு வேலிக்கு நடுவில் போற நம்ம இட்டேரித் தடத்தில் இருக்கிற நாலு தோட்டத்துக்கும் போய், எந்த வருஷம் போர்வெல் போட்டீங்க, எத்தனை அடி போனீங்க, தண்ணி வந்துச்சா, இப்பவும் ஓடுதான்னு ஒவ்வொருத்தரையும் கேட்டு எழுதிக்கிட்டு வந்தாயே, முப்பது வருஷத்தில் இருபத்து மூணு போர். ஊருக்கு வந்த புள்ளை சொந்தபந்தம்னு ஒறம்பரை ஊட்டுக்குப் போகாமல் குழியை எண்ணிக்கிட்டுத் திரியுதேன்னு உங்க அய்யன்கூடக் கேலி பேசினார். அங்கே போனதும் அதையெல்லாம் ஒரே படமாக்கி அனுப்பினாய். கண்ணு, அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். இத்தனை வருஷமாக உங்க மகள் என்ன வேலை பார்க்கிறாள்னு யார் கேட்டாலும் கம்ப்யூட்டர்னு சொல்லித் தப்பிச்சுக்குவேன். கணக்கைப் படமாப் போடுற வேலைன்னு நீ சொன்னது எனக்கு விளங்கினதே இல்லை, கணக்குன்னா எழுதுறது, படம்னா வரையறது, ரெண்டும் எப்படி ஒண்ணாகும்னு இருந்தேன். இப்போ பார்த்தால் இருபத்து மூணு தூண், தோட்டத்துக்குத் தோட்டம் பிரிச்சு, கீழே பேர் போட்டு, குட்டையும் நெட்டையுமாக நிக்குது. குட்டைக்கு வெளிறின நீலம், உசர உசரக் கருநீலம். பட்டுச்சேலையில்கூட அப்படி ஒரு நிறம் இறங்கி நான் பார்த்ததில்லை. அந்த நீலம் பாப்பா எடுத்துக் கொடுத்ததுன்னு நீ சொன்னதும் எனக்குத் தலைகால் புரியலை.

இனிமேல் சொல்றதுதான் நான் போனில் உங்கிட்ட மறைச்சது. தேங்காய்ப் பருப்பு ஆட்டறதுக்குக் காங்கேயம் போன அன்னைக்கு, எண்ணெய் மில்லில் மூட்டையை இறக்கிப்போட்டு நேராகப் பிளக்ஸ் கடைக்குப் போனேன். நம்ம பக்கம் காதுகுத்துக்கும் பிளக்ஸ், கிடாவெட்டுக்கும் பிளக்ஸ், என்ற பேத்தி நிறம் பார்த்துப் போட்ட படத்துக்கு இல்லாமலா. மனோஜ் பெரியநாயக்கன்பாளையத்தில் கம்பெனியில் இருந்துக்கிட்டே படத்தைக் கடைக்காரர் போனுக்கு அனுப்பிட்டான். ஆறடிக்கு நாலடி. மேல் மூலையில் பாப்பா போட்டோ வரணும்னேன். அங்கே எழுத்து இருக்குதுங்கம்மான்னார் அவர். பொடி எழுத்துத்தானே, அதை எடுத்துப்போட்டுப் பாப்பாவை வைங்கன்னு நான்தான் சொன்னேன். என்ன எழுத்துன்னு படிச்சுப் பார்க்கலை. பாப்பா பல்லு விழுந்து சிரிக்கிறாளே, அந்தப் போட்டோ. பஸ்ஸில் அதை மடியில் சுருட்டி வெச்சுக்கிட்டு வந்தேன், எண்ணெய்த் தூக்கைக் காலடியில் வெச்சுட்டேன்.

பால் சொசைட்டிச் சுவரில்தான் கட்டினோம், காலையிலயும் பொழுதோடயும் நாலு தோட்டமும் அங்கேதானே வரும். கேட்டவங்களுக்கும் கேட்காதவங்களுக்கும் நான் கிட்ட நின்னு சொன்னேன், இது என்ற மகள் போட்டது, நிறம் பேத்தி போட்டது, எங்க தோட்டத்துத் தூண்தான் எல்லாத்துலயும் உசரம், பாருங்கன்னு. நெட்டையாக் கருநீலமா நின்னால் நிறையத் தண்ணின்னு நானே அர்த்தம் பண்ணிக்கிட்டேன் கண்ணு. நம்ம போர் எது ஓடுது எது ஓடலைன்னு எனக்குத் தெரியாதா, தெரியும். ஆனால் படமாகப் பார்த்ததும் என்ற மனசு அதையெல்லாம் மறந்துருச்சு. மத்தவங்களும் அப்படித்தான், தன் பேருக்கு மேல் எத்தனை உசரம் நிக்குதுன்னு மட்டும் பார்த்தாங்க. நம்ம வேலிக்கு அக்கட்ட இருக்கிற உங்க பொங்கியண்ணன் சித்தப்பாவுக்கு ரெண்டே ரெண்டு தூண், அதுவும் குட்டை, அதுக்கப்புறம் ஒரு முழம் வெறும் இடம். ஏனுங்க, உங்க தோட்டம் மட்டும் முட்டி உசரத்துக்கு நிக்குதே, மாட்டுக்குத் தண்ணி எங்கிருந்து காட்டுறீங்கன்னு பால் ஊத்த வந்தவங்க அவரைச் சீண்டினாங்க. நானும் சிரிச்சேன். அவர் கேனைக் கழுவிக்கிட்டுப் போனார்.

ரெண்டு நாள் அவர் வரலை, கேனைச் சித்திகிட்டக் கொடுத்து விட்டார். மூணாம் நாள் சேதி வந்துச்சு, புதன்கிழமை போர் வண்டி வருது, ஆயிரத்து இருநூறு அடி, அதுவும் நம்ம வேலி மூலையில். அந்த மூலையிலிருந்து நம்ம கிணறு நாப்பது அடி இருக்குமா. நாம ரெண்டாயிரத்துப் பதினேழில் ஆயிரத்து நூற்று இருபது அடி போனப்போ நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், வெறும் பாறைத்தூள் புகைதான் வந்துச்சு, வேப்பமரம் வெள்ளையாப் போச்சு, ஒரு மாசத்தில் பக்கத்தில் ஓடிக்கிட்டிருந்த ஐந்நூறடிப் போரும் நின்னுபோச்சு. மேல இருந்த தண்ணியைக் கீழே இறக்கிவிட்டுட்டோம்னு அய்யன் எத்தனை நாள் புலம்பினார். இப்போ நம்ம கிணறும் போச்சுன்னால் பதினோரு மாட்டு உருப்படிக்கும் தென்னங்கன்னுக்கும் தண்ணிக்கு எங்கே போறது. அவரோட நானூத்து இருபதடிப் போரும்தான் போகும். அய்யன் பேசிப் பார்க்கப் போனார், முகத்தைத் தொங்கப்போட்டுக்கிட்டுத் திரும்பி வந்தார். என்ற நிலத்தில் நான் போடுறேன், உங்க தூண் அத்தனை உசரம் நிக்கிறப்போ நான் ஏதாவது பேசினேனுங்களான்னு கேட்டாராம். எனக்குக் கோபம்தான் வந்துச்சு, பொறாமை புடிச்ச மனுசன்னு திட்டினேன். என்ன உசரம், எதைச் சொல்றார்னு அப்பவும் நான் யோசிக்கலை.

திங்கட்கிழமை காலையில் போர் வண்டி ஏஜென்ட் கோவிந்தராஜுலு இடம் பார்க்க வந்தவர், சொசைட்டி முன்னால் வண்டியை நிறுத்திப்போட்டுப் படத்தையே பார்த்துக்கிட்டு நின்னார். நான் விடுவேனா, இது எங்க தோட்டத்துதுங்கன்னு காட்டினேன். அவர் தொழில் தெரிஞ்சவர், மரியாதையாத்தான் கேட்டார், இந்த உசரமான போரில் இப்போ குழாயில் எத்தனை இஞ்சுத் தண்ணி விழுதுங்கம்மான்னு. பெருமையாச் சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். எந்தப் போர்னு தெரியணுமேன்னு அடியில் இருந்த எண்ணை அன்னைக்குத்தான் எழுத்துக்கூட்டிப் படிச்சேன். 2017. தூணின் தலையில் 1120. அது அந்தப் புகைப் போர். ஊர் பூராவும் நான் பெருமை பேசினது அந்த வெறுங்குழியை. அவர் போனதுக்கப்புறம் ஒவ்வொண்ணா எண்ணினேன். சில தூணுக்கு அடியில் மட்டும் மஞ்சளா ஒரு புள்ளி வெச்சிருந்தாய், பாப்பா அழகுக்கு வெச்ச பொட்டுன்னு நினைச்சிருந்தேன். எண்ணினால் ஆறு புள்ளி. நாலு தோட்டத்திலும் இப்போ ஓடுற போர் ஆறு. நெட்டையில் ஒண்ணுக்குக்கூடப் பொட்டில்லை. கருநீலம் ஆழத்துக்கு, பொட்டுதான் தண்ணிக்கு. அதைச் சொல்ற எழுத்து இருந்த இடத்தில்தான் பாப்பா சிரிச்சுக்கிட்டு இருந்தாள்.

அன்னைக்குப் பொழுதோட அய்யனைக் கூட்டிக்கிட்டுப் போய் நாலு கயித்தையும் அவுத்துப் படத்தைத் தலைகீழாக் கட்டினேன். ஊரு சிரிக்கும்னார், சிரிக்கட்டும்னேன். தூணெல்லாம் மேலே இருந்து வேர் மாதிரி கீழே தொங்குச்சு. எழுத்தும் தலைகீழாப் போனதால் அட்டையில் தோட்டத்துப் பேரும் அடிக்கணக்கும் நானே எழுதி ஒட்டினேன், ஐந்துங்கிற எண் மட்டும் கோணிக்கிச்சு. தண்ணி இல்லாத பதினேழுக்கும் நீலம் தெரியாமல் சுண்ணாம்பை அடிச்சேன், ஓரக்கோடு மட்டும் தெரிஞ்சுச்சு. பாப்பாவும் தலைகீழாத் தொங்கினாளே, அது எனக்குப் பொறுக்கலை, பிளேடு எடுத்து அவளை மட்டும் அறுத்துக் கொண்டாந்து சாமி மாடத்துக்குக் கீழே ஒட்டிவிட்டேன். படத்தில் அந்த மூலை ஓட்டையாத்தான் இருக்குது.

மறுநாள் காலையில் பால் ஊத்த வந்தவங்க கழுத்தைச் சாய்ச்சுப் பார்த்தாங்க, அப்புறம் சாய்க்கவே வேண்டியதில்லைன்னு புரிஞ்சு கிட்ட வந்து எண்ணினாங்க. கீழே போகப் போக வெள்ளைதான். மேலே தரையை ஒட்டி ஆறே ஆறு நீலம். சித்தி தாராபுரம் போயிருந்ததால் உங்க சித்தப்பாவே கேனோட வந்தார். எல்லாரும் இருக்கிறப்போதான் பெருமை பேசினேன், எல்லாரும் இருக்கிறப்போதான் இதையும் சொல்லணும்னு அவர் முன்னால் போய் நின்னேன். "கொழுந்தனாரே, நான் உசரம்னு சொன்னது உசரமில்லைங்க, குழி. தப்பாப் படிச்சுப்போட்டு உங்களையும் சிரிச்சேன். மனசுல வெச்சுக்காதீங்க." நான் யார்கிட்டயும் அப்படிச் சொன்னவள் இல்லைன்னு உனக்கே தெரியும்.

அவர் படத்துகிட்டப் போய், தரைக்கோட்டில் கையை வெச்சுத் தன் ஓடுற போரைச் சாணால் அளந்தார், ரெண்டு சாண்கூட இல்லை, தரையை ஒட்டிப் பொட்டு. அப்புறம் நம்ம புகைப் போரை அளக்கக் குனிஞ்சார், குனிஞ்சுக்கிட்டே இருந்தார். நிமிர்ந்து அண்ணி முறைக்கு என்னைக் கூப்பிட்டு, "நீங்க அஞ்சாவதுங்க நங்கையா, தப்பாப் படிச்சீங்க. நான் எஸ்.எஸ்.எல்.சி. படிச்சவன், எனக்கென்ன கேடு" அப்படின்னார். எல்லாரும் சிரிச்சாங்க, அவரும்தான். ஆனால் வண்டியைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. புதன்கிழமை விடியறதுக்கு முன்னாலிருந்து என் காது இட்டேரிப் பக்கமே இருந்துச்சு, மாடு கறக்கிறப்போ வாளி சத்தத்துக்குக்கூடத் திடுக்குன்னுச்சு. பத்து மணிக்கு அவரே நடந்து வந்து அய்யன்கிட்ட, கிணத்தில் தூர் எடுத்து எத்தனை வருஷமாச்சு, ரெண்டு தோட்டத்து ஆளும் சேர்ந்து எடுக்கலாமான்னு கேட்டுப்போட்டு மோர் குடிச்சுட்டுப் போனார். வண்டி வரலை கண்ணு.

உன்மேல் குத்தம் இருக்குதுன்னு நினைச்சுக்காதே. படம் அழகா இருந்துச்சு, அந்த அழகு எனக்கு முந்திக்கிட்டுப் பேசிருச்சு, கணக்கு பின்னாலதான் வந்துச்சு, அவ்வளவுதான். ஆனால் ஒண்ணு கேட்கிறேன், உங்க ஆபீசில் இப்படிப் படம் போட்டால் அதை முதலில் யாருக்குக் காட்டுறீங்க, உங்களை மாதிரிப் படிச்சவங்களுக்கா. போன் எடுத்து எனக்கும் ஒருதரம் காட்டேன், நான் எப்படிப் படிக்கிறேன்னு சொல்றேன், தப்பாப் படிச்சாலும் உனக்கு உபயோகமா இருக்கும். இந்த நோட்டுத்தாளில் ஆறு போருக்கும் இப்போ எத்தனை இஞ்சு வருதுன்னு நானே போய்ப் பார்த்து எழுதியிருக்கிறேன். தரையை மேலே வெச்சுப் புதுசா ஒரு படம் போட்டு அனுப்பு. நீலம் அதே நீலம் இருக்கட்டும், பாப்பாவுக்குப் பிடிச்சது, ஆனால் தண்ணி இருக்கிறதுக்கு மட்டும். எழுத்தைப் பெருசாப் போடு. பாப்பா போட்டோ வேண்டாம், அவள் பேரை மட்டும் ஓரத்தில் எழுதிவிடு, அதையாவது விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நீ வேளைக்குச் சாப்பிடு, நின்னுக்கிட்டே சாப்பிடாதே. மாப்பிள்ளைக்கு முதுகுவலி எப்படி இருக்குதுன்னு கேட்டதாகச் சொல்லு. பாப்பாவுக்கு அம்மிச்சி நானும் அப்பிச்சி உங்க அய்யனும் ஆயிரம் முத்தம் கொடுத்ததாகச் சொல்லு. மூணு பேரும் தீர்க்காயுசா, ஒருத்தருக்கொருத்தர் அனுசரணையா நல்லா இருக்கணும். மறந்துபோடாதே, படத்தில் சித்தப்பா தூணுக்கு அக்கட்ட ஒரு முழம் வெறும் இடம் இருந்துச்சே, பார்க்க நல்லா இல்லைன்னு புதுப்படத்தில் அதைச் சுருக்கிப்போடாதே, அப்படியே விடு. காலையில் பால் ஊத்தப் போறப்போ நான் முதலில் பார்க்கிறது அந்த இடத்தைத்தான், இன்னைக்கும் அங்கே புதுப் போர் ஒண்ணும் இல்லைன்னு.

உன்னையும் உன் மகளையும் நினைச்சுக்கிட்டே இருக்கும்
அம்மா நஞ்சம்மாள்